கீசரைக் கடைசியாக எப்போது காலி செய்தீர்கள்? வருடத்துக்கு ஒரு முறை ஏன், எப்படி?

பைக்குக்கு எப்போது சர்வீஸ் என்று நமக்கு நினைவிருக்கும். மார்ச் வந்தால் ஏசிக்கு ஆள் கூப்பிடுகிறோம். வாட்டர் ப்யூரிஃபையரில் ஃபில்டர் மாற்றச் சொல்லி விளக்கே எரியும். ஆனால் குளியலறையில் தலைக்கு மேல் தொங்கும் கீசர்? மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறோம். அது நினைவுக்கு வருவது இரண்டே சமயங்களில்தான்: தண்ணி சூடாகாதபோது, அல்லது அடியில் ஒழுகும்போது.

எனக்கு நடந்தது இரண்டாவது. பெங்களூருவில் நான் இருந்த வாடகை வீட்டில், கீசருக்கு அடியில் இருந்த சின்ன வால்விலிருந்து தண்ணி சொட்டிக்கொண்டே இருந்தது. வந்த பிளம்பர் அதில் ஒரு மூடியைப் போட்டு இறுக்கினார். "முடிஞ்சது, இனி ஒழுகாது" என்று சொல்லி 200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து வேறு வேலைக்காக வந்த ஒரு டெக்னீஷியன், அந்த மூடியைப் பார்த்ததும் முதல் வேலையாக கீசர் சுவிட்சை அணைத்தார். "இதை யாரு அடைச்சது?" என்று கேட்டார். பிறகு கீசரைத் திறந்து கழுவியபோது, இரண்டு மக் அளவுக்கு வெள்ளைச் சில்லுகள் வந்து விழுந்தன.

நான் செய்த தவறு இரண்டு. காலி செய்ய வேண்டியதைக் காலி செய்யவில்லை. அடைக்கக்கூடாததை அடைக்க விட்டேன். இந்த இரண்டையும் நீங்கள் தவிர்க்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. இதில் சொல்லியிருப்பது 10 முதல் 25 லிட்டர் வரை பிடிக்கும், தொட்டி உள்ள மின்சார கீசருக்கானது. கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை கடைசியில் இருக்கிறது.

கீசருக்குள் என்ன இருக்கிறது?

வெளியே தெரிவது பிளாஸ்டிக் அல்லது தகர உறை. அதற்குள் சூடு வெளியே போகாமல் தடுக்கும் நுரை. அதற்கும் உள்ளே ஒரு இரும்புத் தொட்டி. பல கீசர்களில் தொட்டியின் உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு இருக்கும். சிலவற்றில் தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

தொட்டிக்குள் மூன்று பொருட்கள் நீட்டிக்கொண்டு இருக்கும். ஒன்று, தண்ணியைச் சூடாக்கும் எலிமென்ட். நம்மூரில் காயில் என்போம். இரண்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் தெர்மோஸ்டாட்டின் உணரி. மூன்று, ஆனோடு ராடு என்ற மெக்னீசியக் குச்சி. இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். சுவரில் நிற்கும் கீசரில் இரண்டு குழாய்களும் அடியில்தான் இருக்கும். பச்சைத் தண்ணி அடியில் நுழையும். வெந்நீர்க் குழாய் தொட்டிக்குள் மேலே வரை நீண்டு, உச்சியிலிருந்து தண்ணியை எடுக்கும். அதாவது, நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தொட்டி காலியாவதில்லை. கீழே நுழையும் பச்சைத் தண்ணி, மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. எனவே கீசர் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. அடியில் தங்கும் மண்டி அங்கேயே கிடக்கிறது. "தினமும்தான் தண்ணி பிடிக்கிறோமே, தானாகச் சுத்தமாகிவிடாதா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஆகாது.

அவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் தரம் ஐஎஸ் 10500, தண்ணியின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கிறது. இரண்டும் கால்சியம் கார்பனேட் அளவில் சொல்லப்படுபவை.

உங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணி என்றும், கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 60 லிட்டர் தண்ணி கீசர் வழியாகப் போகிறது. 60 லிட்டரில் 24 கிராம். வருடத்துக்கு சுமார் 8.8 கிலோ. நல்லவேளையாக இதில் பெரும்பகுதி தண்ணியோடு வெளியே போய்விடும். ஆனால் நூற்றில் 5 பங்கு உள்ளே தங்கினாலே, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 440 கிராம். அரைக் கிலோ கோலமாவுப் பாக்கெட் ஒன்று, வருடா வருடம், உங்கள் கீசருக்குள்.

ஏன் தங்குகிறது? தண்ணியில் கரைந்திருப்பது கால்சியம் பைகார்பனேட். சூடானதும் அது பிரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. வேறொன்றும் இல்லை, சுண்ணாம்புக்கல்தான். தண்ணி எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கே முதலில் படியும். அது காயில். வீட்டில் தண்ணி கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் இதுவும்.

சூடு கூடக்கூட படிவும் வேகமாகும். தெர்மோஸ்டாட் திருகை எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும் வீட்டில் உப்பு சீக்கிரம் சேரும். போர் தண்ணி, லாரித் தண்ணி வரும் அபார்ட்மென்ட்டுகளில் படிவு அதிகம். காவிரித் தண்ணி மட்டுமே வரும் பெங்களூரு வீட்டில் குறைவு. ஒரே நகரத்தில், ஒரே தெருவில்கூட இது மாறலாம். உங்கள் வீட்டு நிலவரம் தெரிய, குழாய் வாயைப் பாருங்கள். ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்கின்றன என்றால், கீசருக்குள்ளும் அதே நிலைதான்.

உப்பு படிந்தால் கரண்ட் பில் ஏறுமா?

"உப்பு படிஞ்சா கரண்ட் ரொம்ப இழுக்கும்" என்று பலர் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை.

25 டிகிரி தண்ணி 15 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.6 யூனிட் தேவை. 25 லிட்டருக்கு சுமார் 1 யூனிட். 2,000 வாட் கீசரில் முதலாவதற்குக் கிட்டத்தட்ட 18 நிமிடம், இரண்டாவதற்கு அரை மணி நேரம். காயில் தண்ணிக்குள் மூழ்கியிருப்பதால், அதைச் சுற்றி உப்பு இருந்தாலும் சூடு போக வேறு இடம் இல்லை. கடைசியில் தண்ணிக்குத்தான் வந்து சேர வேண்டும். அதனால் பில் பெரிதாக ஏறாது.

அப்படியானால் இழப்பு எங்கே? மூன்று இடங்களில்.

முதலாவது, காயில். உப்புப் போர்வைக்குள் இருக்கும் காயிலால் சூட்டை வேகமாக வெளியே விட முடியாது. அதனால் அதுவே அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஒரு நாள் உறை வெடித்துப் பழுதாகிறது. அப்போது மின்சாரம் தண்ணியைத் தொடும் ஆபத்தும் வருகிறது.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். உணரியின் மேல் உப்பு மூடினால், தண்ணியின் உண்மையான சூடு அதற்குச் சரியாகத் தெரியாது.

மூன்றாவது, தொட்டி. அடியில் சேரும் மண்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு விரிசல் விட்ட இடத்தில் துரு உள்ளே வேலை செய்யும். தொட்டியில் ஓட்டை விழுந்தால் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. புது கீசர்தான்.

அந்தச் சொட்டும் வால்வு

இப்போது எங்கள் வீட்டுப் பிளம்பர் அடைத்த வால்வுக்கு வருவோம். இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி.

தண்ணி சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 1.4 சதவீதம். 15 லிட்டர் கீசரில் இது சுமார் 200 மில்லி, 25 லிட்டரில் சுமார் 350 மில்லி. ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் தண்ணி. தொட்டியோ ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. குழாய் மூடியிருக்கிறது. அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்?

அதற்காகத்தான் பச்சைத் தண்ணி நுழையும் இடத்தில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. வெந்நீர் பின்னோக்கிப் போகாமல் தடுப்பது ஒன்று. அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கொஞ்சம் தண்ணியை வெளியே விடுவது இன்னொன்று. பல கீசர்களில் இந்த அளவு 8 பார். 10 மீட்டர் உயரத்துத் தண்ணி சுமார் 1 பார் அழுத்தம் தரும் என்பதை வைத்துப் பார்த்தால், 8 பார் என்பது 80 மீட்டர் உயரக் கட்டடத்தின் மொட்டை மாடித் தொட்டி தரும் அழுத்தம்.

அதனால், கீசர் சூடாகும் நேரத்தில் மட்டும் சில சொட்டுகள் விழுந்தால் அது பழுது இல்லை. வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஸ்விட்ச் அணைத்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால்தான் பழுது. உப்புத் துகள் சிக்கியிருக்கலாம், அல்லது வீட்டுத் தண்ணி அழுத்தமே அதிகமாக இருக்கலாம். அப்போதும் செய்ய வேண்டியது வால்வை மாற்றுவது. அடைப்பது அல்ல.

அடைத்தால் என்ன ஆகும்? கீசரில் மூன்று அடுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. முதலில் தெர்மோஸ்டாட். அது பழுதானால், மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட். அதுவும் கைவிட்டால், இந்த வால்வு. முதல் இரண்டும் பழுதாகி, மூன்றாவதும் அடைபட்டிருந்தால், மூடிய தொட்டிக்குள் தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக முடியாமல் நிற்கும். தொட்டி பிளக்கும் கணத்தில் அது ஒரே வீச்சில் நீராவியாகும். நீராவி தண்ணியைப் போல சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கீசர் வெடிப்பது இப்படித்தான்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய், உங்கள் கீசருக்கு அடியில் பாருங்கள். வால்வின் பக்கவாட்டில் சின்னத் துளை திறந்திருக்க வேண்டும். மூடி, டேப், எம்-சீல் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால், அதைச் சரிசெய்யும் வரை கீசரைப் போட வேண்டாம்.

மெக்னீசியக் குச்சி எதற்கு?

தொட்டிக்குள் இருக்கும் ஆனோடு ராடின் வேலை விசித்திரமானது. தன்னை அழித்துக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றுவது. இரும்பைவிட மெக்னீசியம் எளிதில் அரிக்கப்படும். இரண்டும் ஒரே தண்ணியில் இணைந்திருந்தால், அரிப்பு முதலில் மெக்னீசியத்தைத் தின்னும், இரும்பு தப்பிக்கும். 1824-இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திய அதே யோசனைதான் இது.

குச்சி தீர்ந்துபோனால் அடுத்த இரை தொட்டி. அது தீர்ந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. யாராவது திறந்து பார்த்தால்தான் உண்டு. புதிதில் கட்டை விரல் பருமனில் இருந்த ராடு பென்சில் போல மெலிந்திருந்தாலோ, நடுக்கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்ற வேண்டும். கீசரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது.

எதை நீங்களே செய்யலாம்?

நீங்கள் செய்யக்கூடியவை: மின்சாரத்தைத் துண்டிப்பது, தொட்டியைக் காலி செய்வது, அலசுவது, மீண்டும் நிரப்புவது.

செய்யக்கூடாதவை: மின் இணைப்பு உள்ள மூடியைத் திறப்பது, காயிலையும் ஆனோடையும் கழற்றுவது, தெர்மோஸ்டாட்டைத் தொடுவது, கீசரைச் சுவரிலிருந்து இறக்குவது. 25 லிட்டர் கீசரில் தண்ணி மட்டுமே 25 கிலோ. வாரண்டி காலத்தில் மூடியைத் திறந்தால் வாரண்டி போகவும் வாய்ப்பு உண்டு. அட்டையை ஒரு முறை படித்துவிடுங்கள். கடின நீரால் வரும் பழுதுக்கு விலக்கு வைத்திருக்கிறார்களா என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

காலி செய்வது எப்படி? படிப்படியாக

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். இரண்டு பக்கெட், ஒரு பழைய துணி, உறுதியான ஸ்டூல் அல்லது ஏணி, காலில் ரப்பர் செருப்பு. கீசரோடு வந்த கையேட்டில் தண்ணியை வடிக்கும் இடம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கீசர்களில் தனியாக வடிகால் திருகு இருக்கும். சிலவற்றில் பாதுகாப்பு வால்வில் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். அதைத் தூக்கினால் தண்ணி வடியும். இரண்டும் இல்லை என்றால் வால்வையே கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

1. மின்சாரத்தை முழுதாகத் துண்டியுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் கீசரில் மின்சாரம் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேரடி இணைப்பு என்றால், கீசருக்கான எம்சிபியை இறக்குங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

2. தண்ணியை ஆற விடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து, வருவது பச்சைத் தண்ணியாகும் வரை ஓட விடுங்கள். 60 டிகிரி தண்ணி சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். இந்தப் படியில் அவசரம் வேண்டாம். அந்தத் தண்ணியைப் பக்கெட்டில் பிடித்தால் துணி துவைக்க ஆகும்.

3. கீசருக்குப் போகும் தண்ணியை மூடுங்கள். கீசருக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வை முழுதாகத் திருகி மூடுங்கள். பிறகு ஒரு சின்னச் சோதனை: வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும். சில நொடிகளில் தண்ணி நின்றுவிட வேண்டும். பச்சைத் தண்ணி தள்ளாவிட்டால் வெந்நீர் வராது என்று முன்பே பார்த்தோம் அல்லவா? நிற்கவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. மொட்டை மாடியில் மெயின் வால்வை மூடிவிட்டுத் தொடருங்கள்.

4. காற்றுக்கு வழி விடுங்கள். வெந்நீர்க் குழாயை மூட வேண்டாம். மிக்சர் என்றால் வெந்நீர்ப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். காற்று உள்ளே போனால்தான் தண்ணி வெளியே வரும். மேல் துளையை அடைத்த ஸ்ட்ராவிலிருந்து தண்ணி இறங்காது, அதே கதைதான்.

5. வடியுங்கள். பக்கெட்டை அடியில் வைத்து, வடிகால் திருகைக் கழற்றுங்கள், அல்லது வால்வின் கைப்பிடியைத் தூக்குங்கள். எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஒன்றிரண்டு லிட்டர் அடியில் நின்றுவிடுவது சகஜம். 25 லிட்டர் கீசரில் 10 லிட்டரோடு நின்றால், காற்று வழியோ வடிகாலோ அடைத்திருக்கிறது. குச்சி, கம்பி எதையும் உள்ளே விட்டுக் குத்தாதீர்கள்.

6. அலசுங்கள். வடிகாலை மூடி, ஆங்கிள் வால்வை ஒரு நிமிடம் திறந்து கொஞ்சம் தண்ணி நிரப்புங்கள். மீண்டும் மூடி, வடியுங்கள். தெளிந்த தண்ணி வரும் வரை இரண்டு மூன்று முறை செய்யலாம்.

7. நிரப்புங்கள். வடிகாலை இறுக்கி மூடி, ஆங்கிள் வால்வைத் திறங்கள். வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும். முதலில் காற்று வரும். பிறகு தண்ணி துப்பித் துப்பி வரும். கடைசியில் சீராக ஓடும். சீராக ஓடிய பிறகே குழாயை மூடுங்கள். அடியில் எங்காவது ஈரம் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.

8. எல்லாம் உலர்ந்த பிறகுதான் மின்சாரம். தொட்டி நிறையாமல் சுவிட்சைப் போட்டால், வெறும் காற்றில் சூடாகும் காயில் சில நிமிடங்களிலேயே போய்விடும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அலசியது உப்பைப் போக்க, முடிந்தது காயிலின் கதை என்று ஆகிவிடக்கூடாது.

வந்த தண்ணி என்ன சொல்கிறது?

முதல் பக்கெட்டை உடனே ஊற்றிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி அதைப் படிக்கலாம்.

வெள்ளைத் துகள்கள் அடியில் தங்கினால் அது சுண்ணாம்பு. கொஞ்சம் என்றால் அலசியதே போதும். சோளப்பொரி அளவில் சில்லுகள் வந்தால், காயிலில் கெட்டியாகப் படிந்திருக்கிறது. அலசினால் போகாது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

செம்பழுப்பு நிறம் என்றால் துரு. அலசிய பிறகும் மாறவில்லை என்றால், ஆனோடு தீர்ந்து தொட்டி அரிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் பச்சைத் தண்ணிக் குழாயையும் பிடித்துப் பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் குற்றவாளி கீசர் இல்லை. மாடித் தொட்டியோ பழைய இரும்புக் குழாயோதான்.

அழுகிய முட்டை வாடை வெந்நீரில் மட்டும் வந்தால், தொட்டிக்குள் பாக்டீரியா பெருகி, தண்ணியில் உள்ள சல்ஃபேட்டை வாயுவாக மாற்றுகிறது. பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் இது நடக்கும். காலி செய்து அலசிய பிறகு, 60 டிகிரிக்கு மேல் ஒரு முறை சூடாக்கி அந்தத் தண்ணியை வெளியேற்றுங்கள். அதன் பின்னும் வாடை இருந்தால் டெக்னீஷியனிடம் ஆனோடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெக்னீஷியன் வரும்போது என்ன கேட்க வேண்டும்?

போர் தண்ணி வீடு என்றால் வருடத்துக்கு ஒரு முறை, ஆற்றுத் தண்ணி வீடு என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. "சர்வீஸ் முடிஞ்சது" என்று சொல்லிக் கிளம்புவதற்கு முன், இவற்றைக் கேளுங்கள்.

ஆனோடைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட உதவும். மூடியைத் திறந்தால், அதன் ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். பழையதையே போட்டால் அங்கிருந்துதான் ஒழுகும், அதுவும் மின் இணைப்புகளுக்கு மிக அருகில். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு வால்வு தடையில்லாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பைக் கரைக்க எதைப் பயன்படுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். சிட்ரிக் அமிலம் போன்ற மென்மையானது சரி. டாய்லெட் கழுவும் ஆசிட் உப்பைக் கரைக்கும். கூடவே உலோகத்தையும் தின்னும். அந்த ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஷாக் அடிக்கிறதா? தள்ளிப்போடாதீர்கள்

குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? ஈரக் கையால் ஷவரைத் தொடும்போது கூச்சம் போல ஏதோ தெரிகிறதா? "எப்பவாவது வரும், பழகிடுச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பழக வேண்டிய விஷயம் இல்லை. காயிலின் உறை விரிந்து மின்சாரம் தண்ணிக்குக் கசிகிறது, எர்த்தும் சரியில்லை என்பதற்கான அறிகுறி. அன்றே கீசரை நிறுத்துங்கள்.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். அதனால் 16 ஆம்பியர் சாக்கெட்டும் தகுந்த வயரும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், எர்த் பின்னைத் தவிர்க்கும் கன்வெர்ட்டரும் கூடவே கூடாது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால், கசிவை உணர்ந்து கண நேரத்தில் துண்டித்துவிடும். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கீழே விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரப் பொருள்.

இவ்வளவு இருந்தாலும் பாதுகாப்பான பழக்கம் பழையதுதான்: சுட வைத்து, சுவிட்சை அணைத்து, பிறகு குளிப்பது.

வாடகை வீடு என்றால் செலவு யாருடையது?

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பராமரிப்பு யாருடையது என்று பிரிக்கிறது. தண்ணிக் குழாய்களை மாற்றுவதும் மின் வயரிங்கும் வீட்டு உரிமையாளர் பக்கம். கீசர் பழுதுபார்ப்பு குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் இடம் உண்டு. இது மாநிலங்களுக்கான மாதிரிதான். உங்கள் மாநிலம் தனக்கென என்ன சட்டம் வைத்திருக்கிறது, உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதே முடிவானது.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். புது வீட்டுக்குக் குடிபோகும் முதல் வாரத்திலேயே கீசரை ஒரு முறை காலி செய்து பாருங்கள். வந்த தண்ணியையும் வால்வையும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏற்கெனவே துருப்பிடித்த தொட்டிக்கு, காலி செய்யும்போது உங்கள் அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிறீர்களா?

வேலைக்காக சிம்லா, ஸ்ரீநகர், லே பக்கம் போயிருப்பவர்களுக்குக் காலி செய்வது சுத்தத்துக்காக மட்டும் அல்ல. தண்ணி உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தால், நிறைந்த தொட்டியும் குழாயும் உள்ளேயே உறைந்து பிளந்துவிடலாம். ஐஸ் உருகும்போதுதான் தெரியும். கிளம்பும் முன் மெயின் வால்வை மூடி, கீசரையும் குழாய்களையும் வடித்துவிட்டு, குழாய்களைத் திறந்தபடி விடுங்கள். திரும்பி வந்ததும் நிரப்பிய பிறகே சுவிட்ச்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கேஸ் கீசரில் தொட்டி கிடையாது. ஆபத்து தண்ணியில் இல்லை, காற்றில் இருக்கிறது. கீசர் என்ற பெயரில் முதல் கருவியை 1868-இல் லண்டனில் உருவாக்கியவர் பெஞ்சமின் வாடி மாகன். அதுவும் கேஸில் எரிந்தது. புகை வெளியேற அதில் வழி இல்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை மாட்டுபவர்கள் இன்றும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். எரிய ஆக்ஸிஜன் போதாதபோது உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணரும்போதே எழுந்து கதவைத் திறக்க முடியாமல் போகலாம். கேஸ் கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். சர்வீஸை அதற்கான ஆளிடம் மட்டுமே கொடுங்கள்.

எந்த நாளில் செய்யலாம்?

வருடத்துக்கு ஒரு முறை என்று சொல்லும் எந்த வேலையும் நமக்கு மறந்துபோகும். அதனால் மறக்காத ஒரு நாளோடு கட்டிவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம், லேப்டாப்புக்குக்கூட வைக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிறு கீசரின் முறை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் தொடங்குவதற்குச் சற்று முன்பு என்பதால் காலமும் பொருந்தும்.

அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. அந்த வால்வு. இன்றைக்கே போய்ப் பாருங்கள்.